குவாரிக்குள் நகர்ந்த அம்புக்குறி

ராசிபுரத்தில் பேருந்தை விட்டு இறங்கிய மைதிலியைத் தன் வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு அவள் ஊர்க்காரன் தங்கசாமி கிளம்பியபோது உச்சி வெயில். அன்று அவள் அம்மா முத்தாயம்மாளுக்கு வருஷத் திதி.

வழக்கம்போலப் போனில் வழியைப் போட்டான். சொந்த ஊருக்குப் போக போனிடம் வழி கேட்கிற டிரைவர் இந்தச் சீமையிலேயே அவன் ஒருவன்தான். ஏதாவது ஒரு குரல் பேசிக்கொண்டே இருந்தால், யோசனை வராது.

"ஏனுங்ணா, அம்மாவப் பாம்பு கடிச்ச அன்னிக்கு ஆம்புலன்ஸ் எப்படிங்ணா குவாரிக்குள்ள போச்சு?"

"மேப்புல பழைய தடம்தான் கண்ணு இருக்குது. அதத்தான் குவாரிக்குத் தோண்டிப்புட்டாங்க. நாலு சேட்டிலைட்டாவது தெரிஞ்சாத்தான் போனுக்கு நாம எங்க நிக்கறோம்னே தெரியும். உள்ள போனா, பாறை வானத்தையே மறைச்சுருதுல்ல."

பாடம் நடத்துவதில் மட்டும் ஒரு குறையும் இல்லை. சொன்னதெல்லாம் நிஜம். சொல்லாதது ஒன்று.

பேச்சு மும்முரத்தில் போன் சொன்ன பக்கமெல்லாம் திருப்பியிருந்தான். நிமிர்ந்து பார்த்தால், இருபுறமும் செங்குத்தாய்க் குவாரிப் பாறை.

எஞ்சின் தானாக அணைந்தது.

கல்தூசி வாடையோடு, முத்தாயம்மாள் மெல்லும் புகையிலை வாசம்.

'சிக்னல் இல்லை' என்றது போன். ஆனால் அம்புக்குறி நகர்ந்தது.

வண்டி நகரவில்லை.

அம்புக்குறி ஊருக்குள் புகுந்து, கோயில் வேப்பமரத்தடியில் போய் நின்றது. போன வருஷம் அவன் சீட்டாடிக்கொண்டிருந்த இடம்.

போன் கிசுகிசுத்தது.

"வந்துட்டாங்களா சாமி?"

அவனைச் 'சாமி' என்று அப்படி இழுத்துக் கூப்பிட ஊரில் ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

"அம்மா..." என்றாள் மைதிலி.

தங்கசாமி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். "ஆம்புலன்ஸுக்கு போன் போட்டது நாந்தான் கண்ணு. குவாரிக்கிட்ட வந்து, வழி சொல்லுங்கண்ணானு அந்த டிரைவர் என்னத்தான் கூப்பிட்டாரு. கையில நல்ல சீட்டு. மேப்பப் பாத்து வாங்கன்னு வெச்சுட்டேன். உள்ள மாட்டி, முக்கா மணி நேரம்..."

மைதிலி கதவைத் திறந்து இறங்கினாள். பிறந்து வளர்ந்த ஊர்தான். தெரியாதவளைப் போலக் கேட்டாள்.

"ஊருக்கு வழி சொல்லுங்க."

தலைகுனிந்தபடியே சொன்னான். பின்னாடி போய் ஒத்தைப் பனை. வாய்க்கால் பாலம். சோத்தாங்கைப் பக்கம் திரும்பினால் ஊர்.

சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவன் போனை அணைத்து, டேஷ்போர்டில் கவிழ்த்து வைத்தான்.

கவிழ்த்த போனுக்கு அடியிலிருந்து, பொறுமையாக:

"வந்துட்டாங்களா சாமி?"