ம் கொட்டியவள்

1931ஆம் வருஷம், ஐப்பசி மாதம். இரண்டு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்திருந்த ஒரு முற்பகலில் தேவகி ஆம்பூர் ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். ஜட்கா வண்டி கடைத்தெருவைத் தாண்டியதும் வாடை மூக்கில் ஏறியது. ஊறிய தோல், சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை மூன்றும் கலந்த வாடை. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஒரு பெரிய வீட்டின் வாசலில் வண்டி நின்றபோது அந்த வாடை பழகிவிட்டிருந்தது.

தேவகி வேலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. கல்யாணமான மறுவருஷமே கணவனை இழந்தவள். முப்பத்திரண்டு வயதுக்குள் மூன்று நாவல்கள் எழுதி அச்சாகியிருந்தன. மூன்றும் ஊர்வாய்க் கதைகளிலிருந்து பிறந்தவை. குழந்தைக் கதைகளுக்கு வயது தாண்டிப்போய், பெரியவர்களின் நாவலை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துப் படிக்கிற பெண்களுக்காக எழுதியவை.

நாலாவது நாவல் பாதியில் நின்றுபோயிருந்தது. பள்ளியில் வேலை பார்க்கும் ஆம்பூர்க்காரி சுந்தரி சொன்ன கதை அது. அரக்கனுக்குப் பயந்து ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொள்கிறாள் ஒரு பெண். தோல் உடம்போடு ஒட்டிப்போகிறது. யாராவது கதவைத் திறந்து அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அது கழன்று விழும். அவளும் ஒவ்வொரு வாசலாகப் போய் நின்று கூப்பிடுகிறாள்.

"அப்புறம்?" என்று கேட்டதற்கு, "அதுக்கு மேல எங்க ஊர்ல யாருக்கும் தெர்லம்மா" என்று சொல்லிவிட்டாள் சுந்தரி.

அந்தச் சமயத்தில்தான் பில்கிஸின் கடிதம் வந்தது. பதினைந்து வயதுப் பெண். தேவகியின் மூன்று நாவல்களையும் படித்தவள். பர்தா வீடு, வெளியே போக வழியில்லை. அவளும் ஆம்பூர் என்பதால், தேவகி பதில் எழுதும்போது ஆட்டுத்தோல் கதையைப் பற்றிக் கேட்டாள். அந்தக் கதையைத் தன் அம்மா சொல்லிக் கேட்டிருப்பதாகவும், வந்து தங்கினால் முடிவைக் கேட்டுவிடலாம் என்றும் பில்கிஸ் மறுகடிதம் எழுதினாள்.

பில்கிஸின் அம்மா முனவ்வர் பேகம் வாசல்வரை வந்து வரவேற்றாள். தோல் வியாபாரியான கணவன் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆட்டுத்தோல் கதை என்றதும் அவள் கையிலிருந்த வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"அது சும்மா ஒரு கதைங்க, டீச்சரம்மா. முடிவு கிடையாது" என்றாள்.

தேவகிக்குப் பின்கட்டில் ஓர் அறை கொடுத்தார்கள். அறையின் உள்சுவரில் கனமான ஒரு கதவு, பூட்டிக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் பழைய தோல் கிடங்கு என்றும், புது ஷெட் ஊருக்கு வெளியே போனபிறகு யாரும் அதைத் திறப்பதில்லை என்றும் பில்கிஸ் சொன்னாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடு அயர்ந்து தூங்கியது. தேவகி எழுத உட்கார்ந்தாள். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது அவள் வழக்கம்.

"அரக்கன் வாசலில் நின்றான். அவள் கொடியில் காய்ந்த ஆட்டுத்தோலை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்."

"ம்" என்றது ஒரு குரல்.

கதை கேட்கிற பிள்ளைகள் கொட்டுகிற அதே 'ம்'. பில்கிஸ்தான் வந்து ஒளிந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்துத் தேவகி சிரித்துக்கொண்டாள். அடுத்த வரியைப் படித்தாள். மறுபடியும் 'ம்'. ஒரு பக்கம் முழுக்கப் படித்தாள். நிறுத்திய இடத்திலெல்லாம் அந்தக் குரல் வந்தது. கணவன் போனபிறகு அவள் எழுத்தை யாரும் இப்படிப் பக்கத்தில் இருந்து கேட்டதில்லை. அவளுக்குக் கண் கலங்கியது.

எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள். முன்கட்டில் பில்கிஸ் அம்மாவின் மடியில் தலைவைத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு இன்னொரு வரியைப் படித்தாள்.

"ம்."

குரல் பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

அன்று அவள் அதற்குமேல் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. பழைய கட்டடம், காற்று எங்காவது புகுந்து புறப்படும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வேலூரில் அச்சாபீஸ்காரர் இருதயராஜ் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். முடிவு கிடைக்காவிட்டால் என்ன, தானே ஒன்று எழுதிவிடலாம் என்று துணிந்து எழுதினாள். ஒரு ராஜகுமாரன் வருகிறான். ஆட்டுத்தோலை நெருப்பில் போடுகிறான். ஊரே கூடிக் கல்யாணம் நடக்கிறது.

மெல்லப் படித்தாள்.

'ம்' வரவில்லை.

இன்னொரு தரம் படித்தாள்.

கதவை யாரோ தட்டினார்கள். பலமாக அல்ல. சின்னக் கை, கதவின் கீழ்ப்பக்கத்தில். பிறகு கொஞ்சம் மேலே. பிறகு இன்னும் மேலே. நீர்மட்டம் ஏறுவதுபோல் அந்தத் தட்டல் கதவில் ஏறிக்கொண்டே போனது.

சுண்ணாம்பு வாடை குப்பென்று வந்தது.

கதவடியிலிருந்து செந்நிறத் தண்ணீர் கசிந்து வந்து தேவகியின் பாதத்தைத் தொட்டது.

"பீபிம்மா" என்றது குரல். "கதவத் தொறங்க."

தேவகி காலை இழுத்துக்கொண்டு பின்வாங்கினாள். யாரோ அவள் தோளைப் பிடித்தார்கள். முனவ்வர் பேகம். அவளுக்கும் அந்தக் குரல் கேட்டிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"இருபத்தெட்டு வருஷமா எனக்கு மட்டும்தான் கேக்குதுன்னு நெனச்சிருந்தேன்" என்றாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தொள்ளாயிரத்து மூன்றில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஐந்து மாதக் கைப்பிள்ளை வேறு. கணவன் மெட்ராஸ் போயிருந்தான். கிடங்கைப் பூட்டுவது அவள் பொறுப்பு. பட்டை சுமக்கும் சத்தாரின் மகள் சகீனா, பதின்மூன்று வயசு, தோலில் மயிர் பிடுங்கும் வேலை செய்துவந்தாள். அன்று காய்ச்சலோடு உள்ளே மயிர்க் குவியலில் படுத்துத் தூங்கிவிட்டாள். அது தெரியாமல் இவள் பூட்டிவிட்டாள். விடியற்காலம் வெள்ளம் வந்தது. தாழ்வான கிடங்கு முதலில் நிரம்பியது. சகீனா கதவைத் தட்டி, 'பீபிம்மா' என்று எஜமானியான இவளைக் கூப்பிட்டாள்.

"சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு. தொறந்தா தண்ணி மொத்தமும் உள்ள பூந்துடும். தூளியில புள்ள. என்னால தொறக்க முடியல, டீச்சரம்மா. அழாத, நான் கத சொல்றேன், கேளுன்னேன். அந்த நேரத்துக்கு வாயில வந்தத சொன்னேன். ஆட்டுத்தோல், அரக்கன்னு. அவளும் 'ம்', 'ம்'னு கேட்டுக்கிட்டே இருந்தா."

"அப்புறம்?"

"அப்புறம் 'ம்' வரல."

வெளியே மழை சடசடவென்று கொட்டியது.

வெள்ளம் வடிந்ததும் சத்தார் மகளைத் தேடிக்கொண்டு வந்து நின்றான். சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று முனவ்வர் பேகம் பொய் சொன்னாள். அவன் ஆற்றோரமாகவே தேடிக்கொண்டு போனான். திரும்பவே இல்லை. சேறு வாரும்போது சுண்ணாம்புத் தொட்டியில் கிடைத்ததை, மெட்ராஸிலிருந்து திரும்பிய கணவன் ராத்திரியோடு ராத்திரியாக அடக்கம் செய்துவிட்டான். தூக்கம் வராத நாட்களில் அவள் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொன்னாள். வேலைக்காரிகள் கேட்டார்கள். ஊர் முழுக்கப் பரவியது. எங்கே சொன்னாலும் நின்ற இடத்தில்தான் நின்றது.

அறை வாசலில் பில்கிஸ் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தாள். அம்மாவைத் திட்டவில்லை. "சாவி எங்கம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

முனவ்வர் பேகம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். அத்தனை வருஷமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. துருப்பிடித்த பூட்டு மூன்றாம் தரம்தான் திறந்தது. கதவைத் தள்ளினார்கள்.

உள்ளே யாரும் இல்லை. தரை வறண்டு கிடந்தது. தேவகி குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். ஈரமே இல்லை.

"சகீனா" என்று கூப்பிட்டாள் முனவ்வர் பேகம். "வா, கண்ணு. வெளிய வா."

பதில் இல்லை. பேர் சொல்லி அழுதபடியே அவள் அந்த நிலைப்படியில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு தேவகியின் கையைப் பிடித்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடியே எழுதச் சொன்னாள். பிள்ளையின் பேரை மறைக்கக் கூடாது. தன் பேரையும் மறைக்கக் கூடாது.

தேவகி அப்படியே எழுதினாள். சின்னப் பெண்கள் படிக்கிற புத்தகத்தில் இப்படி ஒரு முடிவா, கல்யாணத்தில் முடித்தால் என்ன என்று இருதயராஜ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. புத்தகம் தை மாதம் வந்தது. முதல் பிரதி ஆம்பூருக்குப் போய்ச் சேருமுன் முனவ்வர் பேகம் காலமாகிவிட்டாள். கடைசிவரை அந்தக் கதவை மூடவிடவில்லை என்று பில்கிஸ் எழுதியிருந்தாள்.

வாசகப் பெண்களின் கடிதங்கள் வழக்கம்போல வர ஆரம்பித்தன. அணைக்கட்டிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'புத்தகத்தோடு வந்த அக்கா எங்கள் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். தலைமுடி ஈரமாக இருக்கிறது. அம்மாவின் கண்ணுக்கு அவள் தெரியவில்லை. தன்னைத் தேடிப் போன அப்பா எந்த ஊரில் இருக்கிறார் என்று அந்த அக்கா கேட்கிறாள். நான் என்ன சொல்ல?'

விளையாட்டுக்கு எழுதியது என்று தேவகி அதை எடுத்துவைத்தாள். அடுத்த வாரம் குடியாத்தத்திலிருந்து ஒன்று வந்தது. பிறகு வாணியம்பாடியிலிருந்து ஒன்று. ஒருவரை ஒருவர் அறியாத பிள்ளைகள். மூன்றிலும் அதே கேள்வி.

தேவகி மூன்று பேருக்கும் ஒரே பதிலை எழுதினாள்.

'அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடு. பேர் சொல்லிக் கூப்பிடு. கதவை மட்டும் சாத்தாதே, அம்மா.'