கண்ணாடியைத் துடைக்கும் நேரம்

காலைப் பயிற்சி வழக்கம்போல முகத்தில் தொடங்கியது. அவிநாசி சாலை மாநாட்டு அரங்கில் கூடியிருந்தவர்கள் ஆளுக்கொரு கைக்கண்ணாடியைப் பிடித்துத் தங்கள் புருவங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் யுவராஜ் நின்றார். மூத்த மென்பொருள் வல்லுநர், ஆலோசகர், பயிற்சியாளர், பேச்சாளர் என்று அவருக்குப் பின்னால் திரை பளபளத்தது. கடைசியாக அவர் ஒரு வரி நிரல் எழுதி இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது என்பதை மட்டும் அந்தத் திரை சொல்லவில்லை.

“புருவத்த ரொம்பத் தூக்காதீங்க. தூக்குனா ஆச்சரியம்னு அர்த்தம். ஆச்சரியப்படறவனுக்கு எப்படிங்க புரிஞ்சிருக்கும்?”

அரங்கம் சிரித்தது. இந்த இடத்தில் எல்லா ஊர் அரங்கமும் சிரிக்கும்.

“திரையில நிரல் ஓடும். பாக்கோணும். நடுவுல ஒரு தடவை நிறுத்தச் சொல்லோணும். எங்க நிறுத்துனாலும் பரவாயில்லீங்க. அப்புறம் கண்ணாடியக் கழட்டுங்க. நிதானமாத் தொடைங்க. திரும்பப் போட்டுட்டு, எதிர்ல இருக்கறவர் கண்ணப் பார்த்து, ‘எனக்குப் புரிந்தது’ன்னு சொல்லுங்க.”

“கண்ணாடி போடாதவங்க என்னங்க சார் பண்றது?” என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி கேட்டார்.

“நல்ல கேள்வி,” என்றார் யுவராஜ். பதில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஏன், கேள்வியே காதில் விழாவிட்டாலும் அவர் வாய் முதலில் இதைத்தான் சொல்லும். “வெளிய நம்ம ஸ்டால்ல இருக்குதுங்க. பவர் இல்லாத கண்ணாடி.”

மனிதர்கள் நிரல் எழுதிய காலம் மலையேறிவிட்டது. இப்போது எழுதுவது நிரல்நெசவி என்கிற இயந்திரம். அது எழுதியதை இன்னொரு நிரல்நெசவி சோதிக்கும். எங்கோ ஓர் அணையின் மதகுகள் காரணமே இல்லாமல் திறந்துகொண்டு, கீழே இருந்த ஊர்கள் மூழ்கிய பிறகுதான், உள்ளே என்ன எழுதியிருந்தது என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. உடனே ஒரு சட்டம் வந்தது. புதிய நிரல் எதுவும் ஓடத் தொடங்கும் முன், உரிமம் பெற்ற ஒரு மனிதர் அதைப் பார்த்து, அதை நம்பியிருப்பவரின் முன்னால் நின்று, ‘எனக்குப் புரிந்தது’ என்று சொல்ல வேண்டும். அவருக்குப் புரிதல் சாட்சி என்று பெயர். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் சட்டத்தில் எங்கும் எழுதவில்லை.

விவரம் தெரிந்த சிலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். யுவராஜ் அந்த ஓட்டையிலேயே கடை போட்டார். பயிற்சி வகுப்பு, ஆலோசனை, மாநாட்டு உரை என்று வியாபாரம் களைகட்டியது. ‘புரிதலின் எதிர்காலம்’ என்ற தலைப்பில் அவர் பேசாத நகரம் இல்லை. கைதட்டியவர்களும் சும்மா இல்லை, மறுநாள் வேறொரு மேடையில் அதே உரையைத் தங்கள் பெயரில் பேசினார்கள். எல்லா உரைகளுக்கும் ஒத்திகை நடந்த இடம் அவர் வீட்டுக் குளியலறை. மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதும் போட்டுக்கொள்வதும் ‘எனக்குப் புரிந்தது’ என்பதுமாக அவர் கண்ணாடி முன் நிற்பதை, பல் துலக்கக் காத்திருந்தபடியே வருடக்கணக்காகப் பார்த்தவள் அவர் மனைவி நிவேதா.

அன்று மதியச் சாப்பாட்டின்போது மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. நிவேதா கடைத்தெருவில் மயங்கி விழுந்திருந்தாள்.

அவள் நெஞ்சுக்குள் ஒரு தாளக்கருவி இருந்தது. பழைய பேஸ்மேக்கரின் பேத்தி என்று சொல்லலாம். “கருவி நல்லாத்தான் இருக்குதுங்க. உள்ள ஓடற நிரல் பழசு, தாளம் தப்புது. இன்னிக்கே புதுசை ஏத்தியாகணும். சாட்சி வந்துட்டாங்க. அவங்க சொன்னதும் அம்மா கைநாட்டு வெச்சாப் போதும்,” என்றார் மருத்துவர். புதிய நிரலில் என்ன மாற்றம் என்று யுவராஜ் கேட்டதற்கு, அதைச் சாட்சியிடம் கேளுங்கள் என்பதுபோல மருத்துவர் கதவைக் காட்டினார்.

கதவைத் திறந்துகொண்டு தன்யஸ்ரீ வந்தாள். யுவராஜின் பயிற்சி நிலையத்தில் முதலிடம் பெற்றவள். அவருடைய விளம்பரங்களில் எல்லாம் சிரிப்பவள். “சார், நீங்களா! இவங்க உங்க வீட்டம்மாவா?” என்று பதறினாள். பிறகு வேலையில் இறங்கினாள். கையிலிருந்த திரையில் நிரல் ஓடியது. ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னாள். கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தாள். போட்டுக்கொண்டு நிவேதாவின் கண்களைப் பார்த்தாள்.

“எனக்குப் புரிந்தது.”

ஒரு குறை சொல்ல முடியாது. யுவராஜுக்கு இத்தனை வருடங்களில் முதல் தடவையாக, எதிரில் நிற்பவருக்கு உண்மையிலேயே புரிந்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தெரிந்துகொள்ள எந்த வழியும் இல்லாதபடி அவரே சொல்லிக்கொடுத்திருந்தார்.

“தன்யா, நெசமாவே புரிஞ்சுதாம்மா?”

அவள் மறுபடி கண்ணாடியைக் கழற்றினாள். சந்தேகப்படுபவருக்கு இரண்டாவது துடைப்பு என்பது அவர் இரண்டாம் நாள் நடத்தும் பாடம்.

“வேண்டாம், வேண்டாம். திரையை இப்படிக் குடும்மா,” என்று வாங்கிக்கொண்டார். வரிகள் ஓடின. சில குறிகள் கூடப் படித்தவர்களின் முகம்போலத் தெரிந்தன, பெயர்தான் வரவில்லை. மற்றதெல்லாம் வெறும் பூச்சிக் கூட்டம். மேலே தள்ளினார், கீழே தள்ளினார்.

“என்னங்க,” என்றாள் நிவேதா. குரல் தேய்ந்திருந்தது. “இந்தப் பிள்ளைய எனக்குத் தெரியாது. நீங்க காலம் பூரா இதே தொழில்ல இருக்கறீங்க. நீங்க சொல்லுங்க. உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?”

அவர் கை தானாக மூக்கின் மேலிருந்த கண்ணாடிக்குப் போனது.

“தொடைக்காதீங்க,” என்றாள் அவள்.

கை அப்படியே நின்றது. தன்யஸ்ரீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“எப்படியும் ஏத்தித்தானே ஆகோணும், ஏத்தட்டும். நான் ஒண்ணும் தடுக்கல. அதுக்கு முன்னால என்னைப் பார்த்து, ‘எனக்குத் தெரியல புள்ள’ன்னு ஒரே ஒரு தடவை சொல்லீருங்க. ரெண்டு பேருமாச் சேந்து பயந்துக்கலாம். தனியாப் பயப்பட முடியல எனக்கு. அதச் சொல்லுவீங்களா?”

திரையைத் தன்யஸ்ரீயிடம் கொடுத்துவிட்டு, நிவேதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அது சில்லென்று இருந்தது. சொல்லிவிடத்தான் நினைத்தார், அதில் பொய்யில்லை. அவளை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் கண் கலங்கியது. தெரியல என்பது எவ்வளவு சின்னச் சொல். அதற்காக வாயைத் திறந்தார்.

“நல்ல கேள்வி,” என்றார்.

நிவேதா அவர் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு, தன்யஸ்ரீயிடம் திரையைக் கேட்டு வாங்கி, கட்டைவிரலைத் தானே வைத்தாள்.