மிச்சத் தோல்

1926ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில் பேராக்கில் விடாமல் மழை பெய்தது. ஈப்போவில் கிந்தா ஆறு கரை மீறியது. தாழ்ந்த தெருக்களில் கடைகளுக்குள் தண்ணீர் ஏறியது.

அப்படித் தண்ணீர் ஏறிய கடைகளில் ஒன்று ஜைனுலாப்தீனின் ஜவுளிக்கடை. கீழே முழங்காலளவுக்கு ஈயச்சுரங்கத்துச் சேற்றுத் தண்ணீர் நின்றது. மல்லும் காடாவும் கைலியும் கட்டுக்கட்டாக மாடிக்கு ஏற்றப்பட்டு, அவரும் மனைவி மெஹர்பானுவும் புழங்கும் ஒரே அறையில் கூரைவரை அடுக்கப்பட்டிருந்தன. கஞ்சி வாடையும் ஈரச்சுவரின் பூஞ்சை வாடையும் கலந்து வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த அந்த அறையில், ஒற்றை ஆள் நுழையக்கூடிய சந்தில் நின்றபடி ஜைனுலாப்தீன், சரிந்துவந்த ஒரு துணிக்கட்டை மேலே தள்ளிவிட்டுக் கையை இறக்கினார். கை இறங்கியது. புஜத்திலிருந்து தொங்கிய தோல் இறங்கவில்லை. எதையோ இன்னும் தாங்கிப் பிடித்திருப்பதுபோல், ஒரு மூச்சு விடும் நேரம் கட்டின்மேலேயே நின்றது. பிறகுதான் தளர்ந்து விழுந்தது.

வேர்வையில் ஒட்டிக்கொண்டது என்று நினைத்துக்கொண்டார்.

அந்தத் தெருவிலேயே பருத்த ஆளாக இருந்தவர் அவர். ரிக்‌ஷா இழுக்கும் சீனர்கள் அவரைத் தூரத்தில் கண்டாலே வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள். நோன்புப் பெருநாள் கழிந்து பிடித்த வயிற்றுக்கடுப்பு அவரை மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தி, சதையையெல்லாம் கரைத்துவிட்டு எலும்பைத் திருப்பி அனுப்பியது. தோலை மட்டும் அது விட்டுவிட்டது. வயிற்றுத்தோல் மடிந்து தொடைமேல் கிடந்தது. குளிக்கும்போது அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்கவேண்டும். மடிப்புகளுக்குள் வேர்வை தங்கிப் புண் பிடித்திருந்தது. ஜவுளிக்காரராகையால் அவர் அதைத் துணியாகவே பார்த்தார். வேறு யாருக்கோ அளவெடுத்து வெட்டிய துணி. தாம் உடுத்திக்கொண்டு நிற்பது.

புண்ணைவிட அவரை வருத்தியது வேறொன்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் மெஹர்பானு அவரைத் தொடவில்லை. சோறு வைத்தாள், வெந்நீர் வைத்தாள், புண்ணுக்குப் போட அரிசிமாவை வறுத்துச் சலித்துக் கிண்ணத்தில் வைத்தாள். பாயை மட்டும் துணிக்கட்டுகளுக்கு அந்தப் பக்கம் விரித்துக்கொண்டாள். ஒருமுறை கடந்துபோகையில் அவருடைய கைத்தோல் அவள் முதுகில் உரசிவிட்டது. அவள் உடனே போய்க் குளித்துவிட்டு வந்தாள். இந்தத் தோல் போய்விட்டால் அவள் மறுபடி பக்கத்தில் வருவாள் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவரிடம் மிச்சமிருந்தது.

எதிர்ச்சாரியில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த நாகூர் மீரான், வேலையில்லாமல் மாடி ஜன்னலில் உட்கார்ந்து தண்ணீரைத் தாண்டிக் கத்திப் பேசிக்கொண்டிருந்தான்.

“நானா! சட்டையக் கழட்டிட்டு ஜன்னல்ல நிக்காதீங்க லா. பாக்க பாய்மரக் கப்பல் மாதிரி இருக்கு!”

“ஒனக்கென்னடா, வாயால பொழைக்கிறவன்.”

“இல்ல நானா, இவ்வளவு எடம் சும்மா கெடக்கே. உள்ள இன்னொரு ஆளைக் குடிவைக்கலாமே.”

“அவன் என் சோத்தையும் சேத்துத் தின்னுடுவான். போடா.”

மீரான் சிரித்து ஓய்ந்து குரலை மாற்றினான். “நெசமாவே சொல்றேன். எம் பொண்டாட்டிக்குப் புள்ள பொறந்ததும் பிரசவம் பாத்த மலாய்க்கார பீடான் வந்து அடிவயித்துலேருந்து நெஞ்சுவரைக்கும் பெங்குங் துணி சுத்திக் கட்டுனா. தொங்குன வயிறு போன எடம் தெரியல. நீங்களும் கட்டிப் பாருங்க.”

“அது பொம்பளைங்களுக்குடா.”

“தோலுக்கு என்ன ஆம்பள பொம்பள? ஒண்ணுதான் சொன்னா அந்த பீடான். உள்ள இருக்குறது முழுசா வெளிய வந்தப்புறம்தான் கட்டணுமாம். இருக்கும்போது கட்டுனா வெளிய வராதாம், உள்ளயே தங்கிடுமாம்.”

“எனக்குள்ள என்னடா இருக்கு? எலும்புதான்.”

பின்னால் நின்ற மெஹர்பானு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

“நீதான் புள்ள கட்டிவிடணும்,” என்றார் அவர், திரும்பாமலே.

அவள் சொன்னாள்: “சரிங்க. வெளக்கத் தள்ளி வையுங்க.”

கூரைவரை துணி இருந்தும் கட்டத் துணி இல்லை. எல்லாம் புதுத்துணி. கஞ்சி முறுமுறுப்பு புண்ணில் பட்டால் கத்தியாக அறுத்தது. அலசிப் போட்டால் இந்த மழையில் காயாது. அப்போதுதான் தகரப்பெட்டியின் நினைவு வந்தது. பினாங்கில் கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போனபோது உடுத்திய இஹ்ராம் துணி அதில் இருந்தது. ஜம்ஜம் தண்ணீரில் நனைத்து, உலர்த்தி, தாம் இறந்தால் சுற்றி அடக்கும் கஃபனுக்கென்று கொண்டுவந்து வைத்திருந்தார். கடையில் கிடைக்கும் அகலம் தம் உடம்பைச் சுற்றிவராது என்று, அகலத் தறியில் நெய்ததைத் தேடி, தாமே தம் இடுப்பைச் சுற்றி அளந்து வெட்டிய துணி. பல தடவை அலசியதில் வாழைக்குருத்துபோல் மெத்தென்றிருந்தது.

“அது மவுத்துக்கு வச்சதுங்க,” என்றாள் மெஹர்பானு.

“கடை நெறையத் துணி இருக்கு. வேற எடுத்து வச்சுக்குவோம்.”

“அது அளந்து வச்சது.”

“இப்ப அந்த அளவு எனக்கு எதுக்கு புள்ள? அந்த ஆளே போயிட்டானே.”

பெட்டியைத் திறந்ததும் ரசக்கற்பூரமும் அத்தரும் சேர்ந்து மூக்கில் ஏறின. துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்து, இரண்டு கையாலும் பிடித்து நீளவாக்கில் கிழித்தார். துணி கிழியும் சத்தம் அவருக்குத் தம் பெயரைப்போல் பழக்கமானது. சர்ரென்று ஓடி நூல் முனையில் டக்கென்று நிற்கும். இது நிற்கவில்லை. கையில் துணி இரண்டாகப் பிரிந்த பிறகும், எங்கோ மிக அருகில், விலா எலும்புக்குக் கீழே, மெல்லிய ஒன்று நிதானமாகப் பிரிந்துகொண்டே போவது கேட்டது.

மெஹர்பானு பட்டைகளைத் தைத்து ஒன்றாக்கினாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, அடிவயிற்றில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி மேலே வந்தாள். மடிப்புகளை உள்ளே தள்ளி, இழுத்து, இறுக்கினாள். துணிக்கு மேல்தான் அவள் கை பட்டது. அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. நெஞ்சுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டபோது அவள் மூச்சு கழுத்தில் பட்டது. அவருக்குக் கண் கலங்கிற்று.

எதிர்வீட்டிலிருந்து மீரான் கூப்பிட்டான். குழந்தைக்குக் காய்ச்சல், கொஞ்சம் வந்து பார்க்கச் சொன்னான். மெஹர்பானு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியிறங்கினாள். தண்ணீரில் அவள் நடந்துபோகும் சளக் சளக் ஓசை தேய்ந்தது. அந்தி மஃரிப் தொழுகைக்கு நேரம் நெருங்கிய வேளை. ஆனால் மழை இருட்டில் வேளை தெரியவில்லை.

முதலில் இதமாக இருந்தது. மாதக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்த உடம்பு முதல் தடவையாக ஆடாமல் நின்றது. துணிக்கட்டில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். அடிவயிற்றில் வெதுவெதுப்பு பரவியது, சூடான கஞ்சி இறங்குவதுபோல. இன்று கஞ்சி குடித்தோமா? குடிக்கவில்லை.

கட்டு இறுகியது. ஈரத்துக்குத் துணி சுருங்கும், அவருக்குத் தெரியும். பட்டைக்கு அடியில் விரல் நுழைத்துப் பார்த்தார். துணி சுருங்கவில்லை. உள்ளிருந்துதான் அழுத்தம் வந்தது. தோல் நிறைந்துகொண்டிருந்தது.

மெதுவாக. அவசரமில்லாமல். வெளியூர் போய்த் திரும்பியவன் தன் வீட்டில் விளக்கேற்றிக்கொண்டே அறை அறையாகப் போவதுபோல. வயிறு. பிறகு இடுப்பு. தொடைமேல் கிடந்த மடிப்பு விரிந்து, உருண்டு, பளபளத்தது. கைத்தோல் தொங்கவில்லை. உள்ளே யாரோ கை நுழைத்துக்கொண்டிருந்தார்கள். சட்டைக்குள் நுழைப்பதுபோல.

முடிச்சை எட்டப் பார்த்தார். விரல்கள் தடித்துவிட்டன. மடங்கவில்லை. அவர் ‘மடங்கு’ என்றார். அவை வேறு யாருக்கோ காத்திருந்தன.

விலா எலும்பு உள்நோக்கி வளைந்தது. வலிக்கவில்லை. இடம்தான் குறைந்தது. தோள் இருந்த இடத்தில் அவர் தோள் இல்லை. நகர்ந்தார். நகர்த்தப்பட்டார். கட்டைப் பார்த்தார். எங்கும் சுருக்கமில்லை. எங்கும் மிச்சமில்லை. ஒரு நூல் கூட. அளந்த துணி. அளந்த தோல். இரண்டுக்கும் பொருந்தாதவர் ஒருவர்தான்.

‘மெஹர்’ என்று கூப்பிட்டார்.

சத்தம் வரவில்லை. அவருக்கு முன்னால், தொண்டையில், வேறொருவர் கனைத்துக்கொண்டார். கொழுத்த, நிதானமான கனைப்பு. போன நோன்புப் பெருநாள்வரை தெருமுனைக்குக் கேட்ட கனைப்பு.

படியில் ஈரக்கால் ஓசை. அரிக்கேன் வெளிச்சம் சுவரில் ஏறியது. ஜைனுலாப்தீனுக்கு அது வெகு தூரத்தில், இரண்டு துவாரங்களுக்கு அப்பால் தெரிந்தது. மெஹர்பானு வாசலில் நின்றாள். விளக்கு ஆடியது.

“என்ன புள்ள மரமாட்டம் நிக்கிற?” என்றது அந்த உடம்பு. “பசிக்குது. சோறு வை.”

அவள் வைத்தாள். அந்த உடம்பு சாப்பிட்டது. பானை வழிக்கும் சத்தம் கேட்டது. உள்ளே, விலாவின் ஓரத்தில், முழங்கால் தாடையில் முட்டச் சுருண்டிருந்த ஜைனுலாப்தீன்மேல் ஒவ்வொரு கவளமும் சூடாக இறங்கியது. இடம் இன்னும் குறைந்தது.

“டேய் மீரான், குழந்தைக்கு எப்படி இருக்கு?” என்று ஜன்னல் வழியே விசாரித்தது. “காய்ச்சல் எறங்கிடுச்சு நானா!” என்றான் மீரான். மெஹர்பானு அதன் பின்னால் வந்தாள். பக்கவாட்டில் ஒரு சுற்றுப் பட்டை நழுவியிருந்தது. அதைச் சரிசெய்ய விளக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அந்த நழுவிய இடத்தில் வெறும் தோலில் அவள் விரல் பட்டது.

பட்டது. அவர்மேல்.

முழுப் பலத்தையும் திரட்டி, கையை விரித்து, அவள் விரல் பட்ட இடத்தில் உள்ளிருந்து அழுத்தினார்.

தோல் எழும்பியது. உள்ளங்கை. ஐந்து விரல். மோதிரவிரலின் வளைந்த கணு.

மெஹர்பானு கத்தவில்லை. பார்த்தாள். தன் கையை எடுத்து, விரலுக்கு விரல் சரியாக, அதன்மேல் வைத்தாள். மாதக்கணக்கில் அவர் ஏங்கிக் கிடந்த சூடு.

“ஏங்க?” என்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. விலாவைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் அழுத்தினார். மறுபடி. மறுபடி.

“என்ன புள்ள அங்க?” பெரிய தலை மெல்லத் திரும்பியது. நிறைந்த கன்னம். எண்ணெய் மினுக்கு. பொறுமையான கண்.

அவள் அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லீங்க. கட்டு நழுவிடுச்சு.”

பட்டையை இழுத்து அந்தக் கையை மூடினாள். மேலே இன்னொரு சுற்று. இன்னொன்று. முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, இரண்டு முனையையும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சை இறுக்கினாள்.

அந்த வாரக் கடைசியில் தண்ணீர் வடிந்தது. கடை திறந்தது.