சத்தம் போடாத ரிவர்ஸ் கியர்

வந்தவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"என் வீட்டுக்காரரை என் தம்பியே வண்டியை ஏத்திக் கொன்னுட்டான். தெரியாம நடந்ததுன்னு போலீஸ் சொல்லிட்டாங்க. தெரியாமத்தானான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

அண்ணி தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள். காவல்துறை வேலையை விட்ட பிறகும் அண்ணியைத் தேடி இப்படி ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். வண்டி ஓட்டுவது, ஆளைப் பின்தொடர்வது, அவசரப்பட்டு யாரையாவது சந்தேகிப்பது எல்லாம் கொழுந்தனின் வேலை.

"சந்தேகமா இருந்தா எதுக்கு எங்ககிட்ட? திரும்பவும் ஸ்டேஷனுக்கே போகலாமே" என்றான் கொழுந்தன்.

"சந்தேகம்னு இல்லைங்க. இன்னிக்கு சாயங்காலம் அவன் எங்க வீட்டோட வந்துடறான். பிள்ளைங்களை இனிமே நான் பார்த்துக்கறேன்னு கால்ல விழுந்து அழுதான். சரின்னுட்டேன். அவனுக்குச் சாப்பாடு போடும்போது என் கை நடுங்கக் கூடாது. அவ்வளவுதான்."

அண்ணி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கார் கொட்டகை வந்தவளின் வீட்டை ஒட்டி, சமையலறை ஜன்னலுக்கு நேரே இருந்தது. உள்ளே வாசலைப் பார்த்தபடி அந்தப் பழைய கார், குண்டுக் கன்னமும் உருண்டை விளக்குமாக நின்றது. பின்னால் இருந்த சுவரைக் கொழுந்தன் குனிந்து பார்த்தான். முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம்வரை பூச்சு உதிர்ந்திருந்தது. கழுவியும் போகாத ரத்தம் செங்கல்லுக்குள் ஊறிக் கறுத்திருந்தது. பின் பம்பரில் இன்னும் ஒரு சட்டைப் பொத்தான் சிக்கியிருந்தது.

"பின் விளக்கை மாட்டக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தார்" என்றாள் அவள். "இடம் பத்தலை, கொஞ்சம் முன்னாடி எடுன்னு தம்பிகிட்ட சொன்னாராம். அவன் முதல் கியர்னு நினைச்சுப் போட்டது ரிவர்ஸாம். மத்த வண்டியில முதல் கியர் இருக்கற இடத்துலதான் இதுல ரிவர்ஸ் இருக்கு. இந்த சீட்டுல அன்னிக்குத்தான் முதல் தடவையா உட்கார்ந்தேன்னு போலீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கான்."

அண்ணி தரையைப் பார்த்தாள். பின்சக்கரங்களின் கீழே ரப்பர் தீய்ந்த இரண்டு கறுப்புத் தடங்கள் இருந்தன.

"ஆள் சுவத்துல நசுங்கின அப்புறமும் சக்கரம் சுத்தியிருக்கு. காலை எடுக்கவே இல்லை" என்றான் கொழுந்தன்.

"பயத்துல பிரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலேட்டரை மிதிக்கறவங்க உண்டு. அதை வச்சு ஒருத்தனைக் குற்றவாளியாக்க முடியாது. கொழுந்தனாரே, சக்கரத்துக்குக் கல்லை வச்சுட்டு ஏறுங்க. என்ஜினைப் போட்டு ரிவர்ஸைப் போடுங்க."

அவன் ஏறினான். கிளட்சை மிதித்துக் கியர்க் கம்பியைத் தள்ளியதும் கியர்ப்பெட்டி கதறியது. காது கூசும் கதறல். கம்பி அவன் கையை உதறித் தள்ளியது. மறுபடி தள்ளினான். இன்னும் மோசமாகக் கதறியது.

"அண்ணி, இதுக்கு என்னைப் பிடிக்கலை. கல்யாணம் ஆன புதுசுல என் மாமியார் இப்படித்தான்."

"இப்பவும் அப்படித்தான்" என்ற அண்ணி, அவள் பக்கம் திரும்பினாள். "உங்க வீட்டுக்காரர் எப்படிப் போடுவார்?"

"வண்டி அசையாம நிக்கணும். கிளட்சை மிதிச்சு முதல்ல ரெண்டாவது கியர்ல போட்டு எடுக்கணும். ஒரு மூச்சு விட்டு, கம்பித் தலையைக் கீழ அழுத்திக்கிட்டே தள்ளணும். பொறுமையில்லாதவனுக்கு இவ விழமாட்டாள்னு சிரிப்பார்."

கொழுந்தன் அப்படியே செய்தான். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் கியர் ஓசையின்றி விழுந்தது. அவன் என்ஜினை அணைத்தான்.

"அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"இந்த ஜன்னல்கிட்ட. பாத்திரம் கழுவிட்டிருந்தேன். என்ஜின் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் இவர், 'டேய்'னு ஒரே ஒரு தடவை. அப்புறம் எலும்பு..."

"நடுவுல இந்தக் கதறல் கேட்டுச்சா?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். மெல்லத் தலையை இடமும் வலமும் அசைத்தாள்.

அண்ணி அவள் தோளைத் தொட்டுவிட்டுக் காரின் முன்பக்கம் போனாள். வலது விளக்கின் கண்ணாடி காலத்தால் மஞ்சள் பூத்திருந்தது. இடது விளக்கின் கண்ணாடி புத்தம் புதிது. அதன் கீழே தகரம் தட்டி நிமிர்த்தப்பட்டு, ஒட்டாத நிறத்தில் பெயின்ட் பூசப்பட்டிருந்தது.

"இது எப்போ மாத்தினது?"

"நாங்க மாத்தலையே. போன மாசம் குடும்பத்தோட ஒரு வாரம் வெளியூர் போயிருந்தோம். கார் சாவியோட வீட்டுச் சாவியையும் தம்பிகிட்டக் கொடுத்து வீட்டைப் பார்த்துக்கச் சொல்லியிருந்தோம்." அவள் குரல் இறங்கியது. "சாகறதுக்கு முந்தின நாள் இவர் இந்த விளக்கைத் தடவித் தடவிப் பார்த்துட்டிருந்தார். என்னன்னு கேட்டேன். உன் தம்பி வரட்டும், பேசணும்னார்."

"அண்ணி" என்றான் கொழுந்தன். "போன மாசம் ஏரிக்கரை வளைவுல சைக்கிள்காரர் ஒருத்தரை அடிச்சுப் போட்டுட்டு ஒரு வண்டி ஓடிடுச்சு. மண்டை பிளந்து விடியற வரைக்கும் பள்ளத்துல கிடந்தார். வண்டி எதுன்னு இன்னும் தெரியலை."

அண்ணி ஏற்கனவே ஸ்டேஷனுக்குப் போன் போட்டிருந்தாள்.

போலீஸ் வருவதற்குள் தம்பிக்காரன் வந்துவிட்டான். ஒல்லியான உடம்பு, அழுது வீங்கிய கண். புதியவர்களைப் பார்த்ததும் கொட்டகை வாசலிலேயே நின்றான்.

"யாருக்கா இவங்க?"

"உங்க அத்தான் இறந்ததைப் பத்திப் பேச வந்தவங்க" என்றாள் அண்ணி. "இந்த வண்டிக்கு ரிவர்ஸ் தப்பா விழாது, தம்பி. தெரியாதவன் தள்ளினா தெரு முழுக்கக் கேக்கும். அன்னிக்கு ஜன்னல்ல நின்ன உங்க அக்காவுக்கே கேக்கலை. அப்போ ரெண்டாவதுல போட்டு எடுத்து, மூச்சு விட்டு, அழுத்தித் தள்ளியிருக்கீங்க. அத்தான் பின்னால உட்கார்ந்திருக்கார்னு தெரிஞ்சே அந்த மூச்சை விட்டிருக்கீங்க. முதல் தடவை உட்கார்ந்தவருக்கு அது எப்படித் தெரியும்? ஒரு வாரம் ஓட்டிப் பழகினவருக்குத் தெரியும். ஏரிக்கரை வளைவு வரைக்கும் ஓட்டினவருக்கு."

"அக்கா, இவங்க சொல்றதை..."

"சைக்கிள்காரர் யாருடா?" என்று கேட்டாள் அக்கா.

அவன் முகம் அழுகையிலிருந்து நேராக வெறிக்குப் போயிற்று. "'நானே உன்னைப் போலீஸ்ல ஒப்படைப்பேன்'னார் அத்தான். காலைப் பிடிச்சேன். கேக்கலை. நான் ஜெயிலுக்குப் போனா உனக்குச் சந்தோஷமா?"

சுவரில் சாய்த்திருந்த, என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் இரும்பு ஸ்டார்ட்டிங் கம்பியை எடுத்துச் சுழற்றினான். கொழுந்தனின் தோளெலும்பு உடைந்த சத்தம் கொட்டகையில் எதிரொலித்தது. அவன் மடங்கி விழுந்தான். குறுக்கே வந்த அண்ணியின் நெற்றியில் கம்பியின் முனை பட்டு ரத்தம் கண்ணில் இறங்கியது. தம்பிக்காரன் கம்பியைப் போட்டுவிட்டுக் காருக்குள் பாய்ந்தான். என்ஜின் உறுமியது. இடது கை கியரைப் பிடித்தது.

அக்கா குனிந்து கம்பியை எடுத்தாள். திறந்த ஜன்னல் வழியே, அந்தக் கையின் மேல், இரண்டு கைகளாலும் ஓங்கிக் குத்தினாள். விரல்கள் நொறுங்கின. அவன் அலறினான். அவள் மறுபடி குத்தினாள். மூன்றாவது முறை ஓங்கியபோது அண்ணி பின்னாலிருந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"போதும்மா. போதும்."

ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டது. "அக்கா, ஒரு தடவை என்னைப் பாரு" என்று அவன் கத்தியது தெருமுனை வரை கேட்டது. அவள் பார்க்கவில்லை. குழாயடியில் கைகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட வேன் வாசலில் நின்றது. பெரியவள் பையோடு ஓடி வந்தாள்.

"அம்மா, மாமா வந்துட்டாரா?"

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். கை நடுங்கவில்லை.

"வந்தான். தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு உள்ள வா. உங்க அப்பா எப்படிச் செத்தார்னு சொல்றேன்."