ஏழாவது பொத்தான்

அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் அது உயிரோடு இருந்தது. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டிலும் தெருவிலும் அவள் துருவி ஆகிவிட்டாள். ஒருமுறை குழாய் ரிப்பேர் செய்ய வந்தவர் அவளுடைய கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்து, ஸ்பேனரை மறந்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அதை எடுக்க வந்தவர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

துருவியின் அம்மா தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் தையல் மெஷின், நடுவில் துணி வெட்டும் மேசை, சுவரையொட்டி இஸ்திரி மேசை. வெட்டும் மேசையின் மூலையில் பெரிய பொத்தான் டப்பா.

அம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தச் சட்டை தைத்தாலும் எந்தக் கோட்டு தைத்தாலும், கூடுதலாக ஒரு பொத்தானை எடுத்து உள்பையின் அடியில் தைத்து வைத்துவிடுவார். வெளியே பார்த்தால் தெரியாது. வாங்கிப் போகிறவரிடமும் சொல்லமாட்டார்.

"சொல்லாம வச்சா அவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று துருவி ஒருநாள் கேட்டாள்.

"ஒரு பொத்தான் அறுந்து போச்சுன்னா மனுஷன் பையிலதான் கையை விடுவான். அப்போ தட்டுப்படும்," என்றார் அம்மா. "அது ஒரு நம்பிக்கை."

மூன்று மாதமாக இஸ்திரி மேசைக்கு ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார். தைத்து முடித்த துணிகளைத் தேய்த்து மடிப்பது அவர் வேலை. ஆள் நல்ல சுறுசுறுப்பு. ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வார். அதிகம் பேசாதவர்கள் மேல் துருவிக்கு எப்போதுமே ஒரு கண் உண்டு.

போதாக்குறைக்கு அக்கா தினமும் மாலையில் ஒரு காரியம் செய்தார். கீழே கிடக்கும் காகிதத் துண்டு ஒன்றை எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, பென்சிலால் ஏதோ எழுதுவார். கண்ணை மூடி உதட்டை அசைப்பார். காகிதத்தை நாலாக மடித்து ஒரு சின்னத் தகர டப்பாவில் போட்டு, டப்பாவைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்புவார். அவர் நடக்கும்போது பைக்குள்ளிருந்து கலகலவென்று சத்தம் வரும்.

காகிதம் ஏன் கலகலவென்கிறது? இந்தக் கேள்வி துருவியைச் சாப்பிடவிடாமல் செய்தது. உண்மையைச் சொன்னால், சாப்பிட்டாள்தான். யோசித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை பேண்டு மாஸ்டர் வந்தார். சனிக்கிழமை காலையில் அவருடைய பேண்டு வாத்தியக் குழு பெரிய ஊர்வலத்தில் வாசிக்கப் போகிறது. அதற்கு அவருக்குப் புதுக் கோட்டு வேண்டும். துணியோடு ஒரு காகித உறையையும் கொடுத்தார். உள்ளே ஏழு பித்தளைப் பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி ஊதுகுழல் செதுக்கியிருந்தது.

"எங்கப்பா கோட்டுல இருந்ததும்மா," என்று சொல்லி, ஒவ்வொன்றாக எண்ணி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். "அவரும் பேண்டு மாஸ்டர்தான். இது எந்தக் கடையிலயும் கிடைக்காது. கொஞ்சம் பத்திரமா பாத்துக்குங்க."

வியாழக்கிழமை மாலைக்குள் கோட்டு தயாராகிவிட்டது. முன்பக்கத்தில் பொத்தான் வைப்பது மட்டும்தான் பாக்கி. அம்மா உறையைக் கவிழ்த்தார். மேசையில் ஆறு பொத்தான்கள் உருண்டன. ஏழாவதைக் காணோம்.

மெஷினுக்கு அடியில் தேடினார்கள். குப்பைக்கூடையைக் கொட்டிக் கிளறினார்கள். துருவியின் குட்டித்தம்பிக்குக் கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் போடும் பழக்கம் உண்டு. அதனால் அவனிடமும் விசாரணை நடந்தது. அவன் கேட்பதற்கு முன்பே ஆவென்று வாயைத் திறந்து காட்டினான். உள்ளே அரை பிஸ்கட் இருந்தது.

அக்கா அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குப் போயிருந்தார். துருவி அம்மாவின் காதருகே போனாள்.

"அம்மா, இஸ்திரி அக்கா பையில ஏதோ கலகலங்குதும்மா. டெய்லி எதையோ மடிச்சு எடுத்துட்டுப் போறாங்க. நான் பாத்தேன்."

"சும்மா கிட," என்றார் அம்மா. ஆனால் அவர் முகம் மாறிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் பொத்தான் டப்பா மேசையில் இல்லை. அலமாரியின் மேல் தட்டில், ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் இடத்தில் இருந்தது. மேசை மூலையில் டப்பா இருந்த இடம் மட்டும் வட்டமாகப் பளிச்சென்று தெரிந்தது. அக்கா அந்த வட்டத்தைப் பார்த்தார். அலமாரியை நிமிர்ந்து பார்த்தார்.

"கோட்டு தேய்ச்சுரட்டுமாக்கா?" என்று மட்டும் அம்மாவிடம் கேட்டார்.

"அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் அம்மா. வழக்கமாக அக்கா வந்ததும் அம்மா வீட்டுக் கதை, தெருக் கதை எல்லாம் பேசுவார். அன்றைக்கு மெஷின் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. அக்கா ஒரே தலையணை உறையை இரண்டு முறை தேய்த்தார். துருவி பள்ளிக்கூடம் போகும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திருடியவர்கள் இப்படித்தான் தடுமாறுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மாலையில் அவள் திரும்பி வந்தபோது அம்மா சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். நாளைக்கு மாஸ்டர் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்க வேண்டும், திங்கட்கிழமையிலிருந்து அக்காவை வர வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன் என்றார்.

"எடுத்தாங்களான்னு கேட்டுப் பாக்கலையாம்மா?"

"எப்படிடி கேக்கறது? கேட்டா மனசு கஷ்டப்படும். பேசாம நிறுத்திடறதுதான் நல்லது."

துருவி யோசித்தாள். கேட்டால் கஷ்டப்படுவார், சரி. கேட்காமலே வேலையை விட்டு நிறுத்தினால் கஷ்டப்படமாட்டாரா? அதுவும் உண்மையான திருடியாக இல்லாவிட்டால்? எப்படியும் கையில் சாட்சி வேண்டும் என்று முடிவு செய்தாள்.

வழக்கம்போல எழுதி முடித்துவிட்டு, அக்கா கொல்லைப்பக்கம் கைகழுவப் போனார். துணிப்பை ஆணியில் தொங்கியது. துருவி அங்குமிங்கும் பார்த்துவிட்டுத் தகர டப்பாவை எடுத்துத் திறந்தாள்.

கலகலவென்று உருண்டது ஒரு பென்சில் துண்டு. கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. மற்றதெல்லாம் மடித்த காகிதங்கள். பொத்தான் ஒன்றுகூட இல்லை.

மூடி வைத்திருக்க வேண்டும். ஆனால் அவள் துருவி ஆயிற்றே. கையில் அகப்பட்ட ஒரு காகிதத்தைப் பிரித்தாள்.

"கடவுளே, இன்னைக்கு மழை வர்றதுக்கு முன்னாடியே துணியெல்லாம் காஞ்சிருச்சு. சந்தோஷம்."

அடுத்தது: "கடவுளே, புதுச் சட்டையைத் தேய்க்கும்போது வர்ற வாசனை இருக்கே, அதுக்கு உனக்கு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சிருந்தேன்."

அதற்கடுத்தது: "துருவி இன்னைக்குப் பதினோரு கேள்வி கேட்டா. பத்துக்குப் பதில் சொல்லிட்டேன். துணியைத் தேய்ச்சா சுருக்கம் எங்க போகுதுன்னு கேட்டா. அது உனக்குத்தான் தெரியும். அவ கேக்கறதுல பொழுது போறதே தெரியலை."

துருவியின் காது சூடாகிவிட்டது. தன்னைப் பற்றிக் கடவுளிடம் ஒருவர் நல்லதாகச் சொல்லியிருப்பார் என்று அவள் நினைத்ததே இல்லை. மேலாக இருந்த புதுக் காகிதத்தைப் பிரித்தாள். அது இன்றைக்கு எழுதியது.

"கடவுளே, பொத்தான் டப்பா மேல் தட்டுக்குப் போயிருச்சு. ஏன்னு எனக்குப் புரியுது. இன்னைக்கு எழுத ஒண்ணும் தோணலை. இஸ்திரிப் பெட்டி சூடு சரியா இருந்துச்சு. அது போதும்."

துருவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காகிதங்களை அவசர அவசரமாக மடித்தாள். அப்போது ஒன்று கீழே விழுந்து விரிந்துகொண்டது. புதன்கிழமை எழுதியது.

"கடவுளே, மாஸ்டர் கோட்டு உள்பையைத் தேய்க்கறப்போ பொத்தான் தட்டுப்பட்டுச்சு. தையலக்கா இதுலயும் வச்சிருக்காங்க. யாருக்கும் சொல்லாம செய்யற நல்லதைப் பாக்கறது எவ்வளவு நல்லா இருக்கு."

துருவி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு ஒரே ஓட்டமாக ஓடிப்போய், கோட்டின் உள்பைக்குள் கையை விட்டாள். அடியில், தையலோடு தையலாக, உருண்டையாக ஒன்று விரலில் தட்டுப்பட்டது. பையை வெளிப்பக்கமாக இழுத்தாள். குட்டி ஊதுகுழல் பளபளத்தது.

"அம்மா!"

அம்மா ஓடிவந்து பார்த்தார். தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எப்போதும் டப்பாவிலிருந்து கணக்கில்லாமல் எடுத்துப் பழகிய கை. உள்பை தைக்கும்போது வழக்கம்போல, பக்கத்திலிருந்த உறையிலிருந்து ஒரு பொத்தானை எடுத்துத் தைத்துவிட்டது. மாஸ்டர் எண்ணிக் கொடுத்த ஏழில் ஒன்று அது என்று கைக்கு எப்படித் தெரியும்?

கையைத் துடைத்துக்கொண்டே அக்கா உள்ளே வந்தார். அம்மா எழுந்து நின்றார்.

"நான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்," என்றார். "ஒரு பொத்தான் குறையுதுன்னு உன்மேல சந்தேகப்பட்டேன். அது இங்கயே இருக்கு. நான்தான் தைச்சு வச்சிருக்கேன்."

அக்கா பொத்தானைப் பார்த்தார். "இதையா தேடினீங்க? மொத்தமே ஏழுதான்னு எனக்குத் தெரியாதேக்கா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா காலையிலேயே சொல்லியிருப்பேன்." கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்துவிட்டது.

"நான்தான் அம்மாகிட்ட சொன்னேன்," என்றாள் துருவி. "உங்க டப்பாவையும் தொறந்து படிச்சேன்."

அக்கா திரும்பி ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தார்.

"அது நான் கடவுளுக்கு எழுதினது," என்றார். "உனக்கு எழுதினது இல்ல."

"தெரியும்க்கா. தப்புதான். ஊருல இருக்கற எல்லாரையும் கேக்கறேன். உங்களை மட்டும் கேக்காம விட்டுட்டேன்."

அக்கா அவளை உற்றுப் பார்த்தார். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "கத்தரிக்கோலை எடு," என்றார்.

அக்கா நூலை அறுத்துப் பொத்தானைப் பிரித்துக் கொடுத்தார். அம்மா முன்பக்கத்தில் ஏழையும் வரிசையாகத் தைத்தார். துருவி ஸ்டூலில் ஏறிப் பொத்தான் டப்பாவை இறக்கி, அந்தப் பளிச்சென்ற வட்டத்தின் மேலேயே சரியாக வைத்தாள். அதிலிருந்து ஒரு கறுப்புப் பொத்தானை அக்கா தேர்ந்தெடுத்தார். கோட்டின் உள்பைக்குள் அது போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு அக்கா கிளம்பும்போது துருவியிடம் வழக்கம்போலப் போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. அது துருவிக்கு இரவுச் சாப்பாட்டின்போதும் உறுத்தியது. இந்தமுறை நிஜமாகவே பாதிதான் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை காலையில் மாஸ்டர் வந்து கோட்டைப் போட்டுப் பார்த்தார். கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டார். ஏழாவதைத் தொட்டபோது அம்மா, அக்கா, துருவி மூவரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். ஊர்வலம் அந்தத் தெரு வழியாகவே போனது. குட்டித்தம்பி பேண்டு சத்தத்துக்கு வாயைத் திறந்தவன் மூடவே இல்லை.

மாலையில் அக்கா வழக்கம்போல ஒரு காகிதத் துண்டை எடுத்தார். சுவர்ப் பக்கம் திரும்பினார். துருவி எட்டிப் பார்க்கவில்லை. மெஷின் பக்கத்திலேயே நின்றாள். நின்று பார்த்தாள், முடியவில்லை.

"அக்கா, இன்னைக்கு என்ன எழுதப் போறீங்க?"

அக்காவின் பென்சில் நின்றது. கொஞ்சம் யோசித்தார். மளமளவென்று ஒரு வரி எழுதினார். வழக்கமாகச் செய்வதுபோல அதை மடிக்கவில்லை. துருவியின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"கடவுளே, துருவி இன்னைக்கு என்னையே கேட்டுட்டா."