ஒன்பது மூட்டை உப்பு

"ஐயோ... எனக்க மாதாவே!"

ஞானசெல்வியின் அலறலில் முட்டம் ஊரே விழித்தது!

வீட்டுக்குப் பின்னால், யாரும் புழங்காத கிணறு. உள்ளே மிதந்தது அவள் புருஷன் கிளீட்டஸ். பத்து நாளாக ஊரே தேடிய ஆள்!

இன்ஸ்பெக்டர் ஜெனின் வந்தாள். உடம்பை மேலே ஏற்றினார்கள்.

"அண்ணன் குடிச்சிட்டு விழுந்திருப்பான் மேடம்..."

சொன்னவன் கிளீட்டஸின் தம்பி டிஜோ. பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி லேபில் வேலை. நாளை மஸ்கட் ஃப்ளைட்!

ஜெனின் பிணத்தின் காலைப் பார்த்தாள். கணுக்காலில் கயிறு. நுனியில் அரித்துப்போன உலோகப் பட்டை.

"மக்னீசியம். உன் லேப்ல உண்டுல்லா?"

"அ... அதுக்கு?"

"இந்தப் பட்டையில கல்லைக் கட்டி இறக்கியிருக்கு. பட்டை இத்துப்போனா கல்லு அடியில கிடக்கும், உடம்பு மேல வரும். அதுக்குள்ள நீ மஸ்கட்ல, உன்மேல சந்தேகமே வராது! ஆனா பத்தே நாள்ல இத்துப்போச்சேலே..."

"அதெப்படி? நல்ல தண்ணியில ரெண்டு மாசம் தாங்கும்! நான் வாளியில போட்டுப் பார்த்த..."

சட்டென்று வாயைப் பொத்தினான்.

லேட்!

"எதுக்குல கொன்ன?"

"மஸ்கட் வேலைக்கு நான் குடுத்தது போலி சர்டிபிகேட்டு... காட்டிக் குடுப்பேன்னான்..."

ஜெனின் கிணற்றை எட்டிப் பார்த்தாள். சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாய் உப்பு பூத்திருந்தது.

"நல்ல தண்ணியில மக்னீசியம் மெதுவாத்தான் அரிக்கும். உப்பு கரைஞ்ச தண்ணியில கடகடன்னு அரிச்சிரும். இதுல ஏது உப்பு?"

"நான்தான் போட்டேன்..."

ஞானசெல்வி!

"கருவாடு போட வச்சிருந்த கல்லுப்பு மேடம். அவிய திரும்பி வரணும்னு சவேரியாருக்கு நவநாள் நேர்ந்தேன். ஒம்பது நாளும் நாளுக்கொரு மூட்டை... உப்பு கரையுத மாதிரி எனக்க சங்கடமும் கரையணும்னு..."

ஒன்பது நாளும் புருஷன் தலையிலேயே கொட்டியிருக்கிறாள், பாவி!

"திரும்பி வரணும்னுதான் கேட்டேன்... உயிரோடன்னு சொல்ல மறந்துட்டேனே!"

மண்ணில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டாள். யாராலும் அவளைத் தேற்ற முடியவில்லை.

"மைனி..." என்றான் டிஜோ. நேற்று ராத்திரிகூட அவள் கையால் மீன்குழம்பு வாங்கித் தின்றவன்.

ஜெனின் அவன் கையில் விலங்கை மாட்டினாள்.

"உப்பிட்டவங்கள உள்ளளவும் நெனைக்கணும்பாவ. நட மக்கா... ஜெயில்ல உனக்கு நெனைக்கதத் தவிர வேற சோலியே இருக்காது!"