வீட்டுக்கு வாங்கக்கா

அரியமங்கலத்தில் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சந்துக்குள் ஆட்டோ நுழையாது. முனையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். முரளிதரன் முன்னால் போனான். அவன் மனைவி அனுபமா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தாள். இரும்பு அறுக்கிற நெடி அவளுக்கு ஆகாது, எப்போது வந்தாலும் இப்படித்தான். இன்றைக்குப் பார்க்கிறவர்கள் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று அவளும் கையை எடுக்கவில்லை.

உள்ளே கிடத்தியிருந்தது முரளிதரனின் அக்கா விஜயராணியை. கடைசல் பட்டறையில் வேலை பார்த்த கணவன் போனபிறகு, பிள்ளைகுட்டி இல்லாமல் அந்த வீட்டில் தனியாகவே காலம் தள்ளியவள். முந்தின நாள் படுத்தவள் விடிந்து எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுபோயிருக்கிறது.

அனுபமாவுக்கு அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தன்னையே பார்ப்பதுபோல உடம்பெல்லாம் கூசியது. அதற்குக் காரணம் இருந்தது.

ஸ்ரீரங்கத்தில் இவர்கள் இருக்கிற அடுக்குமாடியில் சில குடும்பங்கள் சேர்ந்து, தென்னூர் டிராவல்ஸ்காரர் ஒருவர் மூலமாகக் கம்போடியா போக ஏற்பாடு செய்திருந்தார்கள். அங்கே காட்டுக்கு நடுவில் பெருமாளுக்குக் கட்டிய பிரம்மாண்டமான கோயில் இருக்கிறது என்று முரளிதரன் அக்காவிடம் சொல்லப்போக, கடலுக்கு அந்தாண்டையும் நம்ம பெருமாள் இருக்காராடா என்று அவள் வாயைப் பிளந்தாள். இவன் சும்மா இருக்காமல், நீயும் வாயேன்க்கா என்று சொல்லிவிட்டான். எந்தக் காலத்திலோ மலேசியா போக எடுத்து, போகாமலே கிடந்த பாஸ்போர்ட் அவளிடம் இருந்தது. மறுநாளே பெரிய கடை வீதிக்குப் போய்க் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு டிராலி பெட்டி வாங்கிவிட்டாள். பேரம் பேசின சந்தோஷத்தில் சக்கரத்தைக் கவனிக்கவில்லை. ஒன்று கோணல். இழுத்தால் கட கட கட என்று வந்து, டக் என்று ஒரு முட்டு முட்டும்.

அந்தப் பெட்டியோடு அக்கா ஸ்ரீரங்கத்துக்கு வந்து, ஹாலுக்கும் பால்கனிக்குமாக இழுத்துப் பழகினாள். ஏர்ப்போர்ட்டில் செருப்போடுதானே நடக்கணும் என்று வீட்டுக்குள்ளேயே செருப்பும் போட்டுக்கொண்டாள். அப்போது பார்த்துப் பக்கத்து வீட்டு நிஷா வந்தாள். நிஷா பெரிய பள்ளிக்கூடத்து டீச்சர், பயணத்துக்கு அவளும் வருகிறாள். அவளுக்கு எதிரிலேயே அக்கா சோபாவில் உட்கார்ந்து, புடவையை ஏற்றிவிட்டு, முழங்காலுக்குக் கோடாலித் தைலம் தேய்க்க ஆரம்பித்தாள். வீடு முழுக்கத் தைல வாசனை. அனுபமாவுக்கு மானம் போனது. வங்கியில் அதிகாரியாக இருக்கிறவள், இந்த அம்மாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அஞ்சு நாள் ஊர் சுற்ற வேண்டுமா?

வரவேண்டாம் என்று நேராகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்குத் தைரியம் வேண்டுமே. விசாவுக்கு முன்கூட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், ஆன் அரைவல், அங்கே இறங்கிக் கவுண்டரில் போட்டோவையும் பணத்தையும் கொடுத்தால் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள், மிஞ்சிப்போனால் ரெண்டு கேள்வி கேட்பார்கள் என்று டிராவல்ஸ்காரர் சொல்லியிருந்தார். அந்த ரெண்டு கேள்வியை அனுபமா பிடித்துக்கொண்டாள். ஒத்திகை பார்க்கலாம் வாங்கக்கா என்று சாப்பாட்டு மேஜைக்குக் கூப்பிட்டாள்.

அக்கா குழந்தைபோலப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதுக்கு வர்றீங்க, எத்தனை நாள் என்று அனுபமா கேட்டாள்.

"டூரிஸ்ட் சார். அஞ்சு நாள். கோயில் பாக்க."

சும்மா சொல்லக்கூடாது, சரியான பதில். எந்த அதிகாரிக்கும் அதற்குமேல் வேண்டியதில்லை. அனுபமா விடவில்லை. விசா குடுக்கலன்னா என்ன செய்வீங்க என்று இங்கிலீஷில் அடுக்கடுக்காகக் கேட்டாள். அக்கா சிரித்துப் பார்த்தாள், பிறகு சிரிப்பு நின்று முழித்தாள்.

"இப்படி முழிச்சா விசா குடுக்க மாட்டாங்கக்கா. அங்கேர்ந்தே திருப்பி அனுப்பிடுவாங்க. உங்களால எங்களையும் சேத்து நிறுத்திட்டா?"

அக்கா பெட்டியின் கைப்பிடியை உள்ளே தள்ளினாள். அடுத்த அறையில் முரளிதரன் இருந்தான். எல்லாம் காதில் விழுந்தது. எழுந்து வரவில்லை.

"நான் வரலம்மா," என்றாள் அக்கா. "நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க. பெட்டி இங்கயே இருக்கட்டும். எனக்கு எதுக்கு."

அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை. படி இறங்கும்போது முழங்கால் மடங்காமல் அக்கா கையை நீட்டினாள். அனுபமா செல்போனில் எதையோ பார்ப்பதுபோல நின்றாள். நீட்டிய கை கொஞ்சநேரம் அப்படியே இருந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டது. உயிரோடு அவளைப் பார்த்தது அதுதான் கடைசி.

இப்போது எழவு வீடு. ஆம்பளைகள் உடம்பை எடுத்துக்கொண்டு ஓயாமரிச் சுடுகாட்டுக்குப் போய்விட்டார்கள். வீட்டைக் கழுவிவிட்டு, தலைமாட்டில் விளக்கு ஏற்றியாயிற்று. அனுபமா கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, உள்பக்கம் திரும்பி, இத்தனை வருஷமாக அந்த வாசலில் எதைச் சொல்லிவிட்டுக் கிளம்புவாளோ, அதையே வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"வரேன்க்கா. வீட்டுக்கு வாங்க."

கூட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளின் கையில் துடைப்பம் அப்படியே நின்றது. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. வா என்று எவரையும் கூப்பிடக் கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

"பழக்கத்துல வந்துடுச்சுங்க," என்றாள் அனுபமா.

வெள்ளையம்மாள் விளக்கைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னாள். "ஒவ்வொரு தடவையும் நீ கூப்புட்டுட்டுப் போவியாம். சும்மா ஒப்புக்குக் கூப்புடுறா வெள்ளையம்மான்னு என்கிட்ட சொல்லி சிரிப்பா. இப்ப போயி கூப்புட்டுட்டியேம்மா."

விளக்குச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்தது. காற்று இல்லை.

கட்டிக் கொடுத்த பெண் என்பதால் பிறந்த வீட்டுக்கு மூன்று நாள் தீட்டுதான். பயணத் தேதி அதற்கப்புறம் வந்தது. டிக்கெட்டை மாற்ற முடியாது என்று டிராவல்ஸில் சொல்லிவிட்டார்கள். போவதா வேண்டாமா என்று புருஷனும் பெண்டாட்டியும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவே இல்லை. அடுக்குமாடியில் யாருக்கும் சாவைச் சொல்லவும் இல்லை. சொன்னால் துக்கம் கேட்க வருவார்கள், எப்படி, என்னாச்சு என்பார்கள்.

முதலில் வந்தது வாசனை. சாயங்காலம் அனுபமா பேங்கிலிருந்து வந்து கதவைத் திறந்தாள், கோடாலித் தைலம் முகத்தில் அடித்தது. சோபா உறையை உருவித் துவைக்கப் போட்டாள். ஜன்னலைத் திறந்துவைத்தாள். காவிரிப் பக்கமிருந்து நல்ல காற்று வந்தது. வாசனை போகவில்லை.

"உங்களுக்கு வருதா?" என்று கணவனைக் கேட்டாள்.

"வருது."

"எப்பலேர்ந்து?"

"அக்காவ எடுத்த அன்னையிலேர்ந்து." அவன் அவளைப் பார்க்காமலே சொன்னான். "அன்னைக்கு நான் எந்திரிச்சு வந்துருக்கணும், அனு."

அடுத்தது பெட்டி. பரண்மேல் போர்வைகளுக்குப் பின்னால் அனுபமாவே தள்ளிவைத்தது, இப்போது வாசல் கதவுக்குப் பக்கத்தில் நின்றது. கைப்பிடி முழுக்க மேலே இழுத்துவிடப்பட்டிருந்தது, யாரோ கிளம்பத் தயாராக நிற்பதுபோல. முரளிதரன் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சொல்லியிருப்பான். இரண்டு பேரும் அதை மறுபடி மேலே வைக்கவில்லை. தொடவே இல்லை.

பயணத்துக்கு முந்தின நாள் நிஷா வந்து வாசலிலேயே நின்று பேசினாள். என்னென்ன துணி எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டவள், அக்காவைப் பற்றி விசாரித்தாள். அன்றைக்கு அவர் கொண்டுவந்த புளியோதரையை அவள் பிள்ளைகள் இன்னும் பேசுகிறார்களாம். பிளேனில் அவர் பக்கத்தில்தான் உட்காரப்போவதாகச் சொல்லி வைத்திருக்கிறாளாம். அனுபமாவுக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. எவள் என்ன நினைப்பாளோ என்று பயந்து அக்காவை விரட்டினாளோ, அவளுக்கே அக்காவைப் பிடித்திருந்திருக்கிறது.

"அவங்க வரலைங்க. விசா கெடைக்காதுன்னுட்டாங்க."

நிஷா புருவத்தைச் சுருக்கினாள். "ஆன் அரைவல்தானங்க? அங்க போய் நின்னாத்தான தெரியும்? அதுக்குள்ள யாரு சொன்னா?"

அனுபமா வாயைத் திறந்தாள்.

உள்ளே சத்தம் கேட்டது. கதவுப் பக்கத்தில் நின்ற பெட்டி அங்கே இல்லை.

கட கட கட. டக்.

படுக்கையறையிலிருந்து ஹால் பக்கமாக, நிதானமாக.

கட கட கட. டக்.

கூடவே தரையில் செருப்புச் சத்தம். சாப்பாட்டு மேஜையின் நாற்காலி ஒன்று பின்னால் இழுபட்டது. பிறகு ஒன்றுமில்லை. யாரோ உட்கார்ந்து, கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிற அமைதி.

"உள்ள யாரு?" நிஷாவின் முகம் மலர்ந்தது. "வந்துருக்காங்களா? ஏங்க, வரலன்னீங்க?"

"அவரு... அவருதான். பெட்டி கட்டுறாரு," என்றாள் அனுபமா.

சொல்லி வாயை மூடவில்லை, நிஷாவுக்குப் பின்னால் படியேறி முரளிதரன் வந்தான். கையில் பால் பாக்கெட். நிஷா அவனைப் பார்த்தாள், அனுபமாவைப் பார்த்தாள், திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தாள். காலையில் பார்க்கலாம் என்று முணுமுணுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தன் வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

முரளிதரன் உள்ளே போய்ப் பார்த்தான். எதிர் நாற்காலி விலகியிருந்தது. மேஜைக்குப் பக்கத்தில் கத்தரிப்பூ நிறப் பெட்டி. அவன் அதைத் திறந்து, தன்னுடைய துணிகளையும் அவளுடைய துணிகளையும் எடுத்து வந்து அதற்குள் அடுக்க ஆரம்பித்தான். அழுதுகொண்டே அடுக்கினான். அனுபமா தடுக்கவில்லை.

காலையில் திருச்சி ஏர்ப்போர்ட்டில் பெட்டியை எடை போட்டுச் சீட்டு ஒட்டி, பெல்ட்டில் ஏற்றி அனுப்பினார்கள். ரப்பர்ப் பட்டைகளுக்குள் அது மறைந்ததைக் கண்ணால் பார்த்தபிறகுதான் அனுபமாவுக்கு மூச்சு வந்தது. நிஷாவும் மற்றவர்களும் முன்னாலேயே போயிருந்தார்கள். குடியேற்றக் கவுண்டரில் முரளிதரன் நிமிஷத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். அனுபமா போய் நின்றாள்.

அதிகாரி தன்மையாகத்தான் கேட்டார். கம்போடியாவா, வேலை வாங்கித் தரேன்னு யாராச்சும் அனுப்புறாங்களா, விசா எங்கே.

"ஆன் அரைவல்," என்றாள்.

"அங்க குடுக்கலன்னா என்னம்மா செய்வீங்க?"

இதே கேள்வியைத்தானே அவள் கேட்டாள். நாள் முழுக்க இங்கிலீஷில் பேசிப் பிழைக்கிறவளுக்கு ஒரு சொல் வரவில்லை. எதற்குப் போகிறீர்கள், எத்தனை நாள் என்று அவர் திருப்பித் திருப்பிக் கேட்டார். அவள் முழித்தாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். காது மடல் கொதித்தது. அக்காவுக்கு அன்றைக்கு இப்படித்தானே இருந்திருக்கும்.

தைல வாசனை வந்தது.

பிடரிக்கு மிகப் பக்கத்தில், பயந்த குரலில், யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

"டூரிஸ்ட் சார். அஞ்சு நாள். கோயில் பாக்க."

அதிகாரி நிமிர்ந்து, அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

"நீங்க இருங்கம்மா," என்றார். "அவங்க சொல்லட்டும்."

அனுபமா திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலச் சொன்னாள்.

"டூரிஸ்ட் சார். அஞ்சு நாள். கோயில் பாக்க."

முத்திரை விழுந்தது.

காத்திருக்கும் கூடத்தில் முரளிதரன் பக்கத்து நாற்காலியை யாருக்கோ விட்டதுபோல ஒதுங்கி உட்கார்ந்திருந்தான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அந்த நாற்காலியை விட்டு அதற்கு அடுத்ததில் உட்கார்ந்தாள். தொப்பி போட்ட ஒரு பெரியவர் கைப்பையோடு நடு இடத்துக்கு வந்தவர், குனிந்து பார்த்து, "ஆள் இருக்கா, மன்னிச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டு வேறு வரிசைக்குப் போனார்.

அனுபமா நடு நாற்காலிப் பக்கமாகக் குனிந்தாள். பிறகு யாருக்கும் கேட்காத குரலில், வாழ்க்கையில் முதல்தடவையாக மனசார, "மன்னிச்சுடுங்கக்கா," என்றாள்.

நடு நாற்காலி கனமான உடம்பு அசைகிறாற்போல முனகியது.

"அங்க என்னைய நிறுத்திட மாட்டாங்களேம்மா?"

பயந்துபோன குரல். கோபமே இல்லை. கோபமாக இருந்தால் அனுபமா தாங்கியிருப்பாள். செத்த பிறகும் அந்த மனுஷி, இவள் சொன்ன பொய்யை நம்பிப் பயந்துகொண்டிருக்கிறாள்.

விமானத்துக்கு அழைத்தார்கள். எல்லோரும் எழுந்தார்கள். முரளிதரன் முன்னால் நடந்தான். பெட்டியோ எப்போதோ விமானத்தின் வயிற்றுக்குள் போய்விட்டது.

கட கட கட. டக்.

பின்னாலேயே வந்தது. விமானத்துக்குப் போகிற பாதை சரிவாக இறங்கியது. அந்தச் சரிவின் தொடக்கத்தில் சக்கரச் சத்தம் நின்றது. முழங்கால் வலிக்கிறவர்கள் நிற்கிற மாதிரி.

அனுபமாவும் நின்றாள். முன்னாலேயே பார்த்துக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

தைலம் பிசுபிசுத்த, ஜில்லென்ற விரல்கள் அவள் கையைப் பற்றிக்கொண்டன. இருக்கைக்குப் போய் உட்கார்ந்து, பெல்ட் போட்டு, விமானம் கிளம்பி, கீழே காவிரியும் கொள்ளிடமும் சிறுத்து மறைந்தபிறகும், அந்தப் பிடி விடவில்லை.